பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர்

புதுப்பட்டினம்
24-2-2003

செங்கம்மா அக்காவுக்கு ரெஜினா எழுதுவது.

அன்புள்ள என்று போட்டுத்தான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றே வேறு தாள் எடுக்கவில்லை.

காலையில்தானே பார்த்தோம், இவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ துணி அறை ஜன்னலில் நின்றாய். நான் கீழே சவுக்கு மரத்து ஊசிச் சருகு பெருக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டாய். ஆறு வருஷம் ஒரே துணியின் இரண்டு பக்கத்தைப் பிடித்து நின்றவர்கள் நாம். நீ சூப்பர்வைசர் ஆன பிறகும் பெரிய ஷீட்டுக்கு வேறு ஆளைச் சேர்க்க மாட்டாய், என்னைத்தான் கூப்பிடுவாய். நாலு மடிப்புக்கு ஒரு கதை சொல்லி முடிப்போம். இப்போது நமக்கு நடுவில் தபால்காரர் வேண்டியிருக்கிறது.

போன வாரம் ரிசார்ட்டில் மன அமைதி வகுப்பு நடந்ததல்லவா. மேனேஜர் தாமோதரன் சார் எட்டுப் பேரை அனுப்பினார். ஏழு பேர் வாய் நீளம், சண்டைக்காரர்கள். என்னை மட்டும் பாவம் என்று அனுப்பினார். வெள்ளைக்காரர்கள் யோகா செய்கிற கொட்டகையில் உட்காரவைத்து, சென்னையிலிருந்து வந்த மேடம், கண்ணை மூடுங்கள், கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள் என்றார். சமையல்கட்டு ராஜேந்திரன் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு வயித்துல கீது மேடம். ஆனா அது கோவமா, நாஸ்தா துன்னாததான்னு தெரியல" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஏசுதாஸ் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்தது எனக்கே பயமாக இருந்தது.

நானும் தேடினேன். தலையில் இல்லை, நெஞ்சில் இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் இருந்தது. ஏன் அங்கே என்று புரியவில்லை.

கடைசி நாள், யார் மேல் கோபமோ அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மனசில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள், பிறகு கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள், பாரம் இறங்கிவிடும் என்றார். "கடல்ல போட்டா யாரு மேடம் படிப்பாங்க?" என்று கேட்டேன். யாரும் படிக்க வேண்டியதில்லை, எழுதினதே போதும் என்றார். எனக்குப் போதவில்லை. கடலா என் மேல் பழி போட்டது? கிழிக்காமல் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் லீவுக்கு விருந்தாளிக் கூட்டம் நிறைந்திருந்தபோது நாற்பது வெள்ளை பெட்ஷீட் மெஷினிலிருந்து ரோஸ் நிறமாக வெளியே வந்தது. நான் ஏசுதாசைப் புதைத்துவிட்டுப் பத்தாம் நாள் வேலைக்கு வந்திருந்தேன். அன்று மெஷினில் துணி போட்டது நீ. நான் மடிக்கிற மேஜைப் பக்கம் இருந்தேன். உன் சிவப்புச் சேலையை நீ உள்ளே போட்டதை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் அது காய்ந்ததைப் பார்த்தேன். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு நீ கட்டுகிற சேலை. எனக்குத் தெரியாதா?

நீ சாரிடம் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "அவ புருசன் செத்த கவனத்துல இன்னாத்தையோ சேத்துப் போட்டுட்டா சார். பாவம் சார், வுட்டுடுங்க."

என்னை நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் துக்கத்தை எடுத்து உன் தப்பைத் துடைத்தாய் அக்கா, கைத்துணி மாதிரி.

சார் மெமோ கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். மறுநாளே என்னைத் தோட்டம் பெருக்க மாற்றினார். அன்று எனக்கு வாயும் இல்லை, கண்ணும் இல்லை. வகுப்புக்கு அனுப்பும்போது அந்தத் தாளின் நகல் கைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கணவர் இறந்ததால் மனநிலை சரியில்லை. துணி அறை வேலைக்குத் தகுதியில்லை." இதுதான் எழுதியிருக்கிறது.

சாரிடம் போய் நடந்ததைச் சொல். அந்தத் தாளை எடுக்கச் சொல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
மனநிலை சரியாக உள்ள
ரெஜினா ஏசுதாஸ்


ஓம் சக்தி

பூஞ்சேரி
1-3-2003

தங்கச்சி ரெஜினாவுக்கு செங்கம்மாள் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைத் தபால்காரர் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். "இன்னாமே, உனக்கு லெட்டர்லாம் வருது, எவன் போட்டான்?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம். சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல உனக்கு என்ன? நான் உன்னைக் கடித்தா விடுவேன்?

நீ துக்கத்தில் இருக்கிறாய். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லோரும் விரோதியாகத் தெரிவார்கள். நான் அம்மாவுக்கு இருமுடி சுமந்துவிட்டு வந்தவள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டேன். அன்று நான் பாவம் என்று சொன்னதால்தான் உன் வேலை போகாமல் தப்பியது. வேறு யாராவது சூப்பர்வைசராக இருந்திருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பாய். அதற்கு ஒரு நன்றி உண்டா?

சூப்பர்வைசர் என்றால் நாற்காலி மட்டும் இல்லை ரெஜினா. நாற்பது ஷீட்டு போனால் யாராவது ஒருத்தர் தலைகுனிய வேண்டும். உன் தலை அப்போது எப்படியும் குனிந்துதான் இருந்தது.

கோபத்தை விடு. அது வைத்திருப்பவளைத்தான் எரிக்கும். உங்கள் வேதத்திலும் ஏழு எழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது என்று நீயேதான் ஒருநாள் மடிக்கும்போது சொன்னாய். வெயிலில் பெருக்கும்போது தலையில் துணி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
செங்கம்மாள்


புதுப்பட்டினம்
6-3-2003

செங்கம்மா அக்காவுக்கு ரெஜினா எழுதுவது.

நேற்று விபூதிப் புதன். ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசினார். அப்படியே வேலைக்கு வந்தேன். தோட்டத்துத் திருவேங்கடம் பார்த்துவிட்டு, "இன்னா ரெஜினா, நம்ம பக்கம் வந்துட்டியா? விபூதிலாம் கீது?" என்றார். "இது வேற அண்ணாத்த. மனுசன் மண்ணுதான்னு ஞாபகப்படுத்துற சாம்பல்" என்றேன். "அதுக்கு எதுக்குமே சாம்பலு? தாமோதரன் சார் தினிக்கும் ஞாபகப்படுத்துறாரே" என்றார்.

என் தலை எப்படியும் குனிந்துதான் இருந்தது என்று எழுதினாயே, அந்த வரியை நாலு தரம் படித்தேன். உன் கடிதத்தில் அது ஒன்றுதான் உண்மை.

மன்னிக்கச் சொல்கிறாய். கேட்காதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீட்டு வாசலில் பலகாரத் தட்டை வைத்துவிட்டு வந்தால் நாய்தான் தின்னும்.

ஆனாலும் நீ எழுதியதற்காக இல்லை, எனக்காக உட்கார்ந்து பார்த்தேன். தினமும் பெருக்கத் தொடங்கும் முன்னால் சவுக்குத் தோப்பு ஓரத்தில் கால்மணி நேரம் கண்ணை மூடுகிறேன். கோபம் வந்தால் விரட்டாதீர்கள், பக்கத்தில் உட்காரவைத்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேளுங்கள் என்றார் மேடம். கேட்டேன். பதில் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜனவரி ஆறாம் தேதி காலையில் ஏசுதாஸ் நெஞ்சு கரிக்கிறது என்றார். நான் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். "வாயுதான், நீ கெளம்பு. செங்கம்மா காத்துகினு இருக்கும்" என்றார். சீசன் நேரம், ஆறு மணிக்கு வந்துவிடு என்று நீ முதல் நாள் சொல்லியிருந்தாய். வந்துவிட்டேன். பதினோரு மணிக்கு, அவர் பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொல்லும்போது நம் கையில் மூன்றாம் நம்பர் ரூம் ஷீட்டு. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். என் முனையை விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது நீ உன் முனையைப் பிடித்தபடியே நின்றாய்.

மணிக்கட்டில் இருந்தது அதுதான் அக்கா. அவருக்கு வலிக்கும்போது என் கை துணி மடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் என் மேல் எனக்கு. வலியை வாயு என்றாரே, அவர் மேலும் கொஞ்சம். ஆறு மணிக்கு வா என்றவள் நீ என்பதால் எல்லாவற்றையும் தூக்கி உன் தலையில் வைத்திருந்தேன். அது தப்பு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது என் வீட்டுப் பிள்ளை, நானே வளர்த்துக்கொள்வேன்.

எடுத்த பிறகும் மிச்சம் இருக்கிறது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஏசுதாசும் இல்லை, நானும் இல்லை. முழுக்க நீதான். அதை எத்தனை தரம் மூச்சு இழுத்து விட்டாலும் கரைக்க முடியாது. கரைக்கவும் மாட்டேன். நீ வந்து எடுத்துக்கொள்ளும் வரை வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ரெஜினா ஏசுதாஸ்


ஓம் சக்தி

பூஞ்சேரி
14-3-2003

அன்புத் தங்கை ரெஜினாவுக்கு,

உன் கடிதம் படித்தேன். ஆறு மணிக்கு வா என்று சொன்னது நான்தான். எனக்கு அது ஞாபகமே இல்லை என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏசுதாசைப் பார்க்க நான் வரவில்லை. அதை நீ கேட்கவே இல்லை. கேட்காததுதான் குத்துகிறது. மாலை போட்டிருப்பவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். அம்மா அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மெஷினில் சேலையைப் போட்டது நான்தான். மறுநாள் விடியற்காலையில் மேல்மருவத்தூருக்கு பஸ். இருப்பது ஒரே சிவப்புச் சேலை. வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. சாயம் போகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணியிருந்தான். மெஷின் கதவைத் திறந்து பார்த்தால் நாற்பதும் ரோஸ். யார் பண்ணது என்று சார் கேட்டதும் உன் பேர் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை ரெஜினா. ஆறு வருஷமாக நாள் முழுக்கக் கூப்பிட்ட பேர். வாய்க்குப் பழகிய பேர் அதுதான். பிறகு அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. உன் துக்கம் கைக்கு அருகில் இருந்தது.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் இருமுடி தூக்கினேன். சன்னதியில் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன்னால் நின்றவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து வெளியே வந்துவிட்டேன்.

இதெல்லாம் உனக்குச் சொல்லியாயிற்று. சாரிடம் மட்டும் போகச் சொல்லாதே. சொன்னால் சூப்பர்வைசர் வேலை போய்விடும். இருபது வருஷம் நின்றே வேலை பார்த்தவள், இரண்டு வருஷமாகத்தான் உட்கார ஒரு நாற்காலி. என் கால் எப்படி வீங்கும் என்று உனக்குத் தெரியும். உன்னைத் துணி அறைக்குத் திரும்ப எடுக்கக் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வரலாம் என்று சார் சொல்லிவிட்டார். பழைய மாதிரி இருப்போம். அந்தத் தாள் எங்கேயோ ஒரு பீரோவில் கிடக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துக் கடலில் போட்டுவிடு.

அக்கா
செங்கம்மாள்


புதுப்பட்டினம்
19-3-2003

செங்கம்மா அக்காவுக்கு ரெஜினா எழுதுவது.

நீ எழுதிய கடிதத்தை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. பத்திரமாக எடுத்துக்கொள்.

என் மகள் ஜெஸ்ஸி அதைப் படித்துவிட்டாள். "யம்மா, இத அப்டியே கொண்டுபோய் சார் மேஜைல வெய்யி. மேட்டரு முடிஞ்சிது" என்றாள். எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசல் வரை போனேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதுதான் ஃபாதரிடம் நம் பாவத்தைச் சொல்கிறது, போய் முழங்கால் போட்டேன். ஏசுதாஸ் குடிக்கிறார், பொய் சொல்கிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஃபாதர் நடுவில் நிறுத்தி, "அதெல்லாம் அவன் வந்து சொல்வான். உன்னுடையது ஏதாவது இருந்தால் சொல், இல்லாவிட்டால் எழுந்து போ, பின்னால் ஆள் நிற்கிறது" என்றார். அன்று வெட்கமாக இருந்தது. ஆபீஸ் வாசலில் அது ஞாபகம் வந்தது. உன் பாவத்தைச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லை. உன் கையெழுத்து உன் கையால்தான் அந்த மேஜைக்குப் போக வேண்டும்.

என்னுடையதைச் சொல்ல நான் உள்ளே போனேன். சார் போனில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"சார், அந்த மெமோவ எடுத்துடுங்க. செத்தது என் புருசன். என் மூளை சாவல."

"அதான் திரும்ப துணி ரூமுக்குப் போட்டாச்சேம்மா. இன்னும் எதுக்கு இத பெருசு பண்ற?"

"பாவம்னு போட்டீங்க. பாவம்னு வேணாம். நான் செய்யலன்னு போடுங்க."

"அப்ப செஞ்சது யாரு?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"பேர் சொல்லாம நான் எப்டிம்மா எடுக்கறது? அந்த வகுப்புக்குப் போனியே, மனசு அமைதியாவலியா?"

"ஆயிடுச்சு சார். அதனாலதான் கத்தாம பேசினு இருக்கேன்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தாள் தாளாகவே இருக்கும், வேலைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம் என்றார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூளை சரியில்லாதவள் என்று எழுதின தாள் ஒரு பீரோவில் இருக்க, நான் இன்னொரு அறையில் துணி மடிக்க மாட்டேன். யாரும் பார்க்காத பீரோ என்கிறாய். நான் பார்க்கிறேனே.

இப்போது காலையில் மார்க்கெட்டில் இறால் உரிக்கப் போகிறேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ஜெஸ்ஸி திட்டுகிறாள். ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

நீ பயப்படாதே. உன் பேர் என் வாயிலிருந்து வராது. நீ போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, வராது. எனக்கு அது வாய்க்குப் பழகிய பேர்தான். ஆனாலும் வராது.

இப்படிக்கு,
ரெஜினா ஏசுதாஸ்


ஓம் சக்தி

பூஞ்சேரி
3-4-2003

ரெஜினாவுக்கு,

பத்து நாள் அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். அடுப்பில் போட எடுத்தால் போட முடியவில்லை. கிழிக்காமல் நீ அனுப்பினதை நான் கிழிக்க முடியுமா?

ஷீட்டு மடிக்க எனக்குப் புதுப்பெண் எல்லம்மாளை ஜோடி போட்டார்கள். நல்ல பெண்தான். ஆனால் நான் முனையைக் கொடுக்க நடந்து போனால் அவள் வேறு எங்கோ பார்ப்பாள். நாலு மடிப்பும் மடித்து முடித்தால் ஒரு வார்த்தை இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போதே ஷீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போய்க் கடிதத்தை சார் மேஜையில் வைத்தேன்.

சார் படித்தார். கவரில் இருந்த ஸ்டாம்பைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான வேல செஞ்சீங்க? போஸ்ட் ஆபீசுக்கு எதுனா வேண்டுதலா?" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை. ஷீட்டு போனதுகூடப் பரவாயில்லை, துக்கத்தில் இருந்தவள் மேல் போட்டாயே என்றார். அவர் சொல்லி அதைக் கேட்க வேண்டியதாயிற்று.

மெமோவை என் எதிரிலேயே கிழித்தார். குப்பைக் கூடையில் இருந்து பொறுக்கி இதோடு வைத்திருக்கிறேன், ஆறு துண்டு. நாற்காலி போய்விட்டது. இப்போது எல்லம்மாள் மாதிரி நானும் நின்றுதான் வேலை. உன்னைத் திரும்ப வரச் சொல்லி எழுதச் சொன்னார்.

ஒன்று மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. நீ சொன்ன மாதிரி கண்ணை மூடித் தேடினேன். இரண்டு காலிலும் இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என் பேரைத்தான் சொல்லும் என்று தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை பக்கம் எழுதியும் இந்த வரியை இன்றுதான் எழுதுகிறேன்.

செங்கம்மாள்


புதுப்பட்டினம்
8-4-2003

செங்கம்மா அக்காவுக்கு ரெஜினா எழுதுவது.

அன்புள்ள என்று இந்தத் தரமும் போடவில்லை. அவசரம் வேண்டாம்.

ஆறு துண்டையும் தரையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். எல்லா வார்த்தையும் இருந்தது, ஒன்றும் காணாமல் போகவில்லை. பிறகு ஜெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு போய்க் கடலில் போட்டேன். வகுப்பு மேடம் சொன்னது சரிதான். கடலில் போட வேண்டிய தாள் ஒன்று இருந்தது. அது நான் எழுதினதில்லை, அவ்வளவுதான்.

நாற்காலி போனதற்கு எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டதற்கு வருத்தம் இல்லை. மறுபடி நடந்தாலும் மறுபடி கேட்பேன்.

நீ கேட்ட மன்னிப்பு வந்து சேர்ந்தது. வாங்கி வைத்திருக்கிறேன். திருப்பித் தர இன்னும் என்னிடம் வரவில்லை. வந்தால் தபாலில் அனுப்ப மாட்டேன், நேரில் சொல்வேன். அதுவரைக்கும் வாய் திறந்து கேட்காதே.

திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சாரிடம் இப்போதே சொல்லிவிடு. ஏசுதாஸ் சைக்கிள் பஞ்சர் ஒட்ட உட்காருகிற குட்டை ஸ்டூல் வீட்டில் சும்மா கிடக்கிறது, கொண்டுவருகிறேன். உதறும்போது மட்டும் நீ எழுந்தால் போதும். சின்னத் துணிகளை உட்கார்ந்தே மடி. பெரிய ஷீட்டுக்கு எல்லம்மாள் வேண்டாம், நான் நிற்கிறேன்.

மடிக்கும்போது கீழே பார்க்காதே. என் முகத்தைப் பார். நான் குனிந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நம்பர் ரூம் ஷீட்டை முதலில் எடுத்து வை. அன்று பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

இப்படிக்கு,
ரெஜினா